காதும் முத்தும்: காயல் கரைப் போர்களுக்குச் சொல்லப்பட்ட நியாயங்கள்

காயல்பட்டினத்துக்கு வடக்கே புன்னைக்காயல், தெற்கே திருச்செந்தூர். தாமிரபரணி கடலில் சேரும் இடமும் இந்த வட்டாரத்துக்குள்தான். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கரையோரமாகவே நடந்து முடித்துவிடலாம். 1530-களில் தொடங்கி 1650-கள் வரை இந்தச் சிறு கரைக்காகப் போர்த்துகீசியர், மலபார் மரைக்காயர், வடுகர், டச்சுக்காரர் என்று பலரும் மோதினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி ஊருக்கு ஊர் வேறு கதை இருக்கிறது. புன்னைக்காயலில் கேட்டால் பரதவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த கதை. திருச்செந்தூரில் கேட்டால் சண்முகர் கடலிலிருந்து மீண்ட கதை. காயல்பட்டினத்தில் கேட்டால் வலிமார்கள், ஆலிம்கள், கடல் வணிகம். இவை அனைத்தும் ஒரே நீண்ட போரின் துண்டுகள் என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு முறையும் போருக்கு ஒரு நியாயம் எழுதப்பட்டது. ஆன்மா, அவமானம், இழப்பீடு, கடலின் சுதந்திரம் என்று அந்த நியாயங்கள் மாறிக்கொண்டே வந்தன. அவற்றில் முத்து பெரும்பாலும் இடம்பெறவில்லை. போர் முடிந்து போட்ட கணக்குகளிலோ முத்துதான் முன்னால் வந்து நிற்கிறது.

முத்துக்குளிப்பு யார் கையில் இருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல், அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய பாண்டியர் துறைமுகம். 1516 வாக்கில் எழுதிய துவார்த்தே பர்போசா என்ற போர்த்துகீசியர், காயலில் இருந்த செல்வாக்கு மிக்க ஒரு முஸ்லிம் வணிகரைக் குறிப்பிடுகிறார். முத்துக்குளிப்பு வரியை அவர் நெடுங்காலமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தம் மக்களுக்குத் தாமே நீதி வழங்கினார். அரசர் அதில் தலையிடவில்லை. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களில் பெரும்பாலோர் பரதவர். குத்தகையும் முன்பணமும் விலையும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தன. இதில் உரசல் இல்லாமல் இருந்திருக்காது. போர்த்துகீசியரோ 1520-களிலேயே இந்தக் கரைக்கென்று ஒரு கேப்டனை அமர்த்தி முத்துக்குளிப்பில் கை வைத்துவிட்டார்கள். இந்த வரிசை முக்கியம். அவர்களைப் பரதவர் உதவிக்கு அழைத்தது அதற்குப் பின்னால்தான்.

அந்த அழைப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஒரு காது. தூத்துக்குடியில் 1530-களின் தொடக்கத்தில் நடந்த சச்சரவில் ஒரு முஸ்லிம் ஒரு பரதவரின் காதைக் கடுக்கனோடு சேர்த்து அறுத்துவிட்டார் என்று பிற்கால இயேசு சபை எழுத்துகள் சொல்கின்றன. காதில் கடுக்கன் அணிவது பரதவரிடையே பெருமைக்குரியது. ஒருவனின் காதை அறுப்பது அவன் குலத்தையே அவமதிப்பது. பழிக்குப் பழி தொடங்கியது. முஸ்லிம் தரப்பினர் பரதவர் தலை ஒன்றுக்கு ஐந்து பணம் என்று விலை வைத்தார்களாம். தலைகள் குவியவே அது ஒரு பணமாக இறங்கியதாம். மலபாரிலிருந்து குதிரை விற்க வந்திருந்த ஜோவான் த குரூஸ், கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் சரணடையும்படி பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு யோசனை சொன்னார். அவர்கள் போனார்கள், அங்கேயே திருமுழுக்கும் பெற்றார்கள். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் கரையூர்களில் சுமார் 20,000 பேர் வேதத்தில் சேர்ந்தார்கள்.

பரதவர் பட்ட துன்பத்தை நான் சந்தேகிக்கவில்லை. குத்தகைக்காரரின் கீழ் மூச்சடக்கி மூழ்கியவர்கள், வேறொரு காவலைத் தேடிப் போனதில் அவர்கள் கோணத்திலிருந்து முழு நியாயம் இருந்தது. அந்தத் துன்பத்தை வேறொரு அரசு தன் போருக்கான காரணமாக எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆறேழு தலைமுறை கழித்து, உலகின் மறுகோடியில், இன்னொரு காதும் இதே வேலையைச் செய்தது. 1731-இல் கரீபியன் கடலில் ஸ்பானியக் காவலர்கள் ராபர்ட் ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவரின் காதை அறுத்தார்கள். ஏழு ஆண்டுகள் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. 1738-இல் ஸ்பானிய அமெரிக்காவின் வணிகத்துக்காக லண்டன் வணிகர்கள் போர் கேட்டபோது அந்தக் காது நாடெங்கும் பேசப்பட்டது. வரலாற்று நூல்களில் 1739-இல் தொடங்கிய அந்தப் போருக்கே ஜென்கின்ஸ் காதுப் போர் என்றுதான் பெயர். அறுபட்ட காதை எவரும் கண்முன் கொண்டுவர முடியும். வணிக உரிமை அப்படியல்ல.

மறு தரப்பும் தன் நியாயத்தை எழுதி வைத்தது. அரபு மொழியில் அதைச் செய்தவர் பொன்னானியின் ஷேக் ஜைனுத்தீன் மக்தூம். அவருடைய முன்னோர் நம் சோழமண்டலக் கரையிலிருந்து, அரபிகள் மஅபர் என்று அழைத்த நிலத்திலிருந்து, கொச்சிக்குக் குடிபெயர்ந்தவர்கள். 1580-களில் அவர் எழுதி முடித்த ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ பீஜப்பூர் சுல்தான் அலி ஆதில்ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. நான்கு பகுதிகள். முதற்பகுதி பறங்கியரை எதிர்த்துப் போரிடுவது ஏன் கடமை என்பதைச் சட்டமாகச் சொல்கிறது. அந்தப் போரைத் தாங்கி நின்றவர் சாமூதிரி என்ற இந்து மன்னர் என்பதையும், முஸ்லிம் சுல்தான்கள் பலர் கைகொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார் ஜைனுத்தீன். இந்தத் துன்பம் ஏன் வந்தது என்று கேட்டு, சுகவாழ்வில் நன்றி மறந்த தம் மக்களையே முதலில் குற்றம் சொல்கிறார். அந்தக் காலத்துப் போர்த்துகீசிய வரலாற்று நூல்களில் வீரச்செயல்களின் வரிசைதான் மிகுதி. தன் தரப்பை நோக்கி இப்படி விரல் நீட்டும் இடம் அரிது. போரை நியாயப்படுத்த வந்த ஒரு நூல் இந்த அளவுக்கு நேர்மையாக இருப்பதை நான் மதிக்கிறேன்.

காயலும் அந்த நூலில் வருகிறது. ஹிஜ்ரி 944-இல், அதாவது 1538 தொடக்கத்தில், அலி இப்ராஹீம் மரைக்காயர், ஃபகீஹ் அஹ்மத் மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர் ஆகியோர் 42 கப்பல்களோடு காயல் பக்கம் கிளம்பினார்கள் என்கிறார் ஜைனுத்தீன். அவர்கள் போக நினைத்தது இலங்கைக்கு. கோட்டை அரசர் புவனேகபாகுவுக்கும் அவர் தம்பி மாயாதுன்னைக்கும் இடையே சண்டை. அண்ணன் போர்த்துகீசியர் பக்கம், தம்பி சாமூதிரியின் உதவியைக் கேட்டிருந்தார். வழியில் மண்டபத்துக்கு அருகில் வேதாளையில் கரையேறியிருந்த நேரம் பார்த்து மார்ட்டிம் அபோன்சோ டி சூசாவின் படை வந்து விழுந்தது. கப்பல்கள் அத்தனையும் பறிபோயின. தோல்வியை ஜைனுத்தீன் சில வரிகளில் சொல்லி முடித்துக்கொள்கிறார். போர்த்துகீசிய ஆசிரியர்களோ பக்கம் பக்கமாக எழுதினார்கள். முத்துக் கடல் யாருடையது என்பது அன்று வேதாளையில் முடிவானது.

காவல் கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? இதற்குச் சாட்சி பரதவரின் அன்புக்குரிய புனித சவேரியாரே. அவர் இந்தியாவுக்கு வந்ததே ஆளுநராகப் பதவி ஏற்க வந்த டி சூசாவோடு, 1542-இல். அவ்வாண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னும் வேதத்தில் சேராத ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறார். மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடந்த ஒரு பெண்ணுக்காக வேண்டிக்கொண்டதையும், அவள் பிள்ளை பெற்றதையும், ஊரார் தங்கள் அரசனின் அனுமதி வேண்டும் என்றதையும், வரி வாங்க வந்திருந்த அதிகாரியிடம் போய் அந்த அனுமதியை வாங்கியதையும் எழுதுகிறார். அந்த ஊர் கொம்புத்துறை என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். இன்று அது காயல்பட்டினம் நகராட்சி எல்லைக்குள் இருக்கும் பரதவர் குடியிருப்பு.

இரண்டே ஆண்டில் கடிதங்களின் தொனி மாறிவிடுகிறது. 1544 கோடையில் வடுகர் என்று அழைக்கப்பட்ட தெலுங்குப் படை குமரி முனைப் பக்கம் புகுந்தது. மக்கள் கடலில் உள்ள பாறைகளில் ஏறிக்கொண்டு, சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு கிளம்பினார்; எதிர்காற்று அவரைக் கரை சேர விடவில்லை. செப்டம்பரில் தூத்துக்குடி மக்கள் தீவுகளுக்கு ஓடிப் பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் காக்க வேண்டிய கரையோரக் கேப்டன் கோஸ்மே தெ பைவா, கயத்தாறு அரசரோடு குதிரை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கரையில் அவர் இழைத்த அநீதிகளைக் கண்டித்துச் சவேரியார் எழுதிய வரிகளில் கோபம் கொதிக்கிறது. போரை நியாயப்படுத்திய அதே மதத்தின் துறவி, தன் நாட்டு அதிகாரியைப் பற்றி எழுதியது இது. ஆன்மாக்களைக் காக்கத்தான் இந்தப் படை என்ற வாதத்தை யார் மறுத்தாலும் இந்தக் கடிதங்களை விடக் கூர்மையாக மறுத்துவிட முடியாது.

முத்துக் கணக்குக்கு வருவோம். பரதவர் கப்பம் கட்டினார்கள். அதில் ஆண்டுக்கு 400 பொன் போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வரவுக்குக் காலணிப் பணம் என்றே பெயர். சவேரியார் ராணி கத்தரீனாவுக்கு எழுதி, அந்தப் பணத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு விட்டுத்தரும்படி கேட்டுக்கொண்டார். இந்தக் கரையில் மூச்சடக்கி மூழ்கியவர்களின் உழைப்பு லிஸ்பன் அரண்மனையில் எந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கே விட்டுவிடக் கூடாது. தமிழில் முதன்முதலில் அச்சேறிய நூல்களில் ஒன்றான, 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்தப் போரின் வழியாகத்தான் வந்தது. அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு தமிழ் கற்றவர். போரின் விளைவு எல்லாம் இழப்பு என்று எழுதிவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

போர்த்துகீசியர் தங்கள் நியாயத்துக்குப் பின்னால் ஒரு சட்டத்தையும் வைத்திருந்தார்கள். 1455-இல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ், ‘சாரசன்’களையும் பிற மதத்தவரையும் வென்று அடக்கவும் அந்தக் கடல்களில் தனி உரிமையோடு செல்லவும் போர்த்துகல் அரசருக்கு ஆணை வழங்கியிருந்தார். கடல் எல்லோருக்கும் பொது என்ற விதி கிறிஸ்தவ ஐரோப்பாவுக்குள் மட்டும்தான் செல்லும் என்று ஜோவான் தெ பாரோஸ் எழுதினார். போர்த்துகீசியரின் இந்திய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்த வாதத்தின் மேல் நின்றதுதான் ‘கர்தாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு. காயல் வணிகர் தலைமுறை தலைமுறையாக ஓடிய அதே கடலில் ஓட, காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் பறிமுதல். மலபார்க் கப்பல்களை ‘கடற்கொள்ளை’ என்று போர்த்துகீசிய ஏடுகள் எழுதுவது இந்தச் சட்டத்தின் கண் வழியாகத்தான்.

அந்தச் சட்டத்தை உடைக்க இன்னொரு நாடு வந்தது. 1603-இல் சிங்கப்பூர் அருகே போர்த்துகீசியரின் சாண்டா கத்தரீனா கப்பலை டச்சுக்காரர் கைப்பற்றினார்கள். அது நியாயம்தான் என்று வாதாட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹ்யூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை அமர்த்தியது. 1609-இல் வெளிவந்த ‘கட்டற்ற கடல்’ என்ற அவருடைய சிறுநூல், இந்தியாவின் அரசர்கள் சுதந்திரமானவர்கள், போப்புக்கு அவர்கள் மேல் அதிகாரம் இல்லை, கடல் எவருக்கும் சொந்தமில்லை என்று அறிவித்தது. இன்றும் சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நல்ல வாதம். ஆனால் அதை எழுதச் சொன்னவர்கள் 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்ததும், முத்துக்குளிப்பையும் சங்குக் குளிப்பையும் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். காயல் வணிகரின் கப்பல்களுக்குத் தாங்களும் அனுமதிச் சீட்டு போட்டார்கள். இலங்கைப் பாக்கு வணிகத்தில் அவர்களை ஒடுக்கப் பார்த்தார்கள். பழைய சீட்டில் சிலுவை இருந்தது, புதிய சீட்டில் கம்பெனி முத்திரை.

திருச்செந்தூர்க் கதை இந்த இரண்டாம் கட்டத்தில் வருகிறது. 1645-இல் திருமலை நாயக்கரின் அனுமதியோடு டச்சுக் கம்பெனி காயல்பட்டினத்தில் ஒரு பண்டகசாலை திறந்தது. போர்த்துகீசியர் பொறுக்கவில்லை, சில ஆண்டுகளில் அந்தப் பண்டகசாலை தாக்கப்பட்டு டச்சுக்காரர் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது இரு நாடுகளும் சட்டப்படி சமாதானத்தில் இருந்தன. 1641-இல் ஹேக் நகரில் கையெழுத்தான பத்து ஆண்டுப் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது. அதை ஆசியாவில் செயல்படுத்தும் உடன்பாட்டை 1644-இல் கோவாவில் முடித்துவைத்தவர் யான் மாட்சுய்க்கர். அவர்தான் இப்போது இலங்கையில் டச்சு ஆளுநர். போர் என்று அறிவிக்க வழியில்லை. எனவே காயலில் பட்ட நஷ்டத்துக்கு ‘இழப்பீடு’ வசூலிப்பது என்ற பெயரில் 1649 தொடக்கத்தில் ஒரு கப்பற்படை வந்தது. தூத்துக்குடியைப் பிடித்துப் பணம் கேட்டது. திருச்செந்தூர்க் கோயிலில் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

டச்சு ஆவணங்களில் இந்த நிகழ்ச்சிக்கு நீளமான பற்றுவரவு இருக்கிறது. கோயில் வரலாற்றில் அதே நிகழ்ச்சி 1646 முதல் 1648 வரை நடந்ததாக நிற்கிறது. காயல் பண்டகசாலை என்ற சொல்லே அங்கே வருவதில்லை. சண்முகர் விக்கிரகத்தையும் நடராஜரையும் பொன் என்று நினைத்து டச்சுக்காரர் கப்பலில் ஏற்றினார்கள்; புயல் எழுந்தது; பயந்துபோய்க் கடலில் போட்டுவிட்டார்கள். நாயக்கரின் திருநெல்வேலி அதிகாரி வடமலையப்ப பிள்ளையின் கனவில் முருகன் தோன்றி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், கருடன் வட்டமிடும் இடத்தில் தேடு என்றான். 1653-இல் விக்கிரகங்கள் கிடைத்தன. அவர் பெயரால் அங்கே கட்டளை மண்டபம் இருக்கிறது.

பக்தரின் நம்பிக்கையை ஆவணம் கொண்டு அளப்பது என் நோக்கமல்ல. நினைவு எதை எடுத்துக்கொள்கிறது, எதை விடுகிறது என்பதைத்தான் பார்க்கிறேன். கோயில் தன் காயத்தையும் அது ஆறியதையும் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தப் படையை இங்கே இழுத்து வந்த சங்கிலி (காயல் பண்டகசாலை, நாயக்கரின் அனுமதி, போர்த்துகீசியரின் பொறாமை, முத்துப் பார்களின் உரிமை) உதிர்ந்துவிட்டது. அதே ஆண்டுகளில் காயலில் வளர்ந்த பிள்ளை ஒருவர், 1632-இல் பிறந்தவராகச் சொல்லப்படும் சதக்கத்துல்லாஹ் அப்பா, பின்னாளில் தமிழகத்தின் தலைசிறந்த ஆலிமானார். காயல் அவரை நினைக்கிறது. அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் இருந்த டச்சுப் பண்டகசாலையை நினைப்பதில்லை. ஊர்கள் இப்படித்தான் நினைக்கின்றன. அதில் குற்றம் காண மாட்டேன்.

நாடுகள் நினைப்பது வேறு விதம். லிஸ்பனில் தேஜோ ஆற்றங்கரையில் 1960-இல் கல்லில் எழுப்பிய கண்டுபிடிப்புகள் நினைவுச்சின்னத்தில் டி சூசா நிற்கிறார், பாரோஸ் நிற்கிறார், சவேரியாரும் நிற்கிறார். கேப்டனைக் கண்டித்து எழுதிய துறவி, கேப்டன்களோடு ஒரே வரிசையில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. அவர் கோபத்துக்கு அந்தக் கல்லில் இடம் கிடைக்கவில்லை. போர்த்துகலை அப்போது ஆண்ட சலாசார் அரசுக்கு ஆப்பிரிக்காவிலும் கோவாவிலும் ஆட்சியைத் தக்கவைக்க அப்படி ஒரு வரிசை தேவைப்பட்டது. மறு ஆண்டே, 1961 டிசம்பரில், இந்தியப் படை கோவாவுக்குள் சென்றது. போர்த்துகல் அதை ஆக்கிரமிப்பு என்றது. பாதுகாப்பு சபையில் இந்தியப் பிரதிநிதி சி.எஸ். ஜா, காலனி ஆட்சியே தொடர்ந்து நடக்கும் ஆக்கிரமிப்பு என்று வாதாடினார். போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தைச் சோவியத் ஒன்றியம் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. ஜாவின் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. இருந்தாலும் நியாயம் எழுதும் வேலையை நம் நாடும் செய்தது என்பதை மறக்க வேண்டியதில்லை.

பிறகு சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலிகள் இந்தியாவின் நினைவில் திரும்பி வந்தார்கள். மும்பையில் கடற்படைத் தளம் ஒன்றுக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயர். 2000 டிசம்பரில் அஞ்சல் துறை குஞ்ஞாலி மரைக்காயர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. 1600-இல் கோவாவில் தலை வெட்டப்பட்ட நான்காம் குஞ்ஞாலிக்கு இந்த மரியாதை தகும். ஆனால் தேசத்தின் கதையில் குஞ்ஞாலிகள் முதல் கடற்படை வீரர்களாக ஏறும்போது, வேதாளையில் எதிர்ப்பக்கம் நின்றவர்களிடம் அடைக்கலம் தேடிய பரதவர் என்ன ஆகிறார்கள்? அந்நியனுக்குத் துணைபோனவர்களா? லிஸ்பன் கல்லில் டி சூசா வீரர் என்றால் காயல் வணிகர் கொள்ளையர். மும்பைத் தளத்தில் குஞ்ஞாலி வீரர் என்றால் கொம்புத்துறைக்காரர் துரோகி. ஒரே நகராட்சிக்குள் வாழும் இரண்டு சமூகங்களை எதிரெதிரே நிறுத்தும் இந்த இரண்டு கதைகளையும் நான் ஏற்க மறுக்கிறேன். இரு தரப்பும் போராடியது தம் கடலுக்காக. அந்தக் கடலின் வரவை எடுத்துக்கொண்டு போனவர்கள் மூன்றாமவர்கள்.

அந்த வரவு எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பது கண்டுபிடிக்க முடியாததல்ல. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறிவிட்டன. போர்த்துகீசிய ஏடுகள் லிஸ்பனில் உள்ளன. ‘துஹ்ஃபத்’ ஆங்கிலத்தில் பலமுறை வந்துவிட்டது. சவேரியாரின் கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. காயலிலும் கீழக்கரையிலும் அரபு, அரபுத்தமிழ்ச் சுவடிகள் வீடுகளில் இருக்கின்றன. தூத்துக்குடியை 1825-இல் டச்சுக்காரர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பின், 1961-இல் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடக்கும் வரை, அரசு முத்துக்குளிப்புப் பதிவுகளும் உண்டு. வேண்டியது ஒரு தமிழ்த் தொகுப்பு: இடப்பக்கம் ஒவ்வொரு போருக்கும் சொல்லப்பட்ட நியாயம், வலப்பக்கம் அந்த ஆண்டின் முத்து வரவு. அரபு தெரிந்த ஒருவர், டச்சு தெரிந்த ஒருவர், போர்த்துகீசியம் தெரிந்த ஒருவர், பார்களின் பெயர் தெரிந்த ஒரு பழைய குளிகாரர், நால்வரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசையைக் காயல்பட்டினத்திலேயே போடலாம்.